அப்பாவின் பாட்டுக்குக் குறுக்கே பேசியவன்

தெசலோனிகி,
14 செப்டம்பர் 2008

அன்புத் தம்பி பாண்டெலிக்கு,

நானும் இந்த வீட்டுக்கார எவாந்தியா அம்மாளும் ஒருவருக்கொருவர் துணையாக, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது, உன் மனைவி வாசிலிகாவின் முதுகுவலி விட்டதா என்று எழுது. போனில் கேட்டால் "எல்லாம் நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பஸ் டிரைவர் கோச்சோ எப்படியும் வாரம் இரண்டு தடவை எல்லையைத் தாண்டி கொர்ச்சாவுக்கு வருகிறார். இதோடு ஆலிவ் எண்ணெய் டின் ஒன்றும் வரும். மூடியைச் சரியாகத் திருகிவிட்டேன், ஆனாலும் பார்த்துத் தூக்கு.

கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ராய்மொண்டா இல்லாத வீடு எனக்கு இன்னும் பழகவில்லை. பன்னிரண்டு வயதில் என்னோடு இந்தச் சமையலறைக்கு வந்த மகள். எவாந்தியா அம்மாளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள். அம்மாள் காலையில் கண்ணைத் திறந்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பொண்ணு கல்யாணப் படம் வந்துதா?" எழுந்து உட்கார முடியாதவர். படத்தில்தான் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும்.

ஊரில் கேமராக்காரனை வைக்கலாம் என்று சொன்னதற்கு, "தாய்மாமன் நான் இருக்கும்போது அயலான் எதுக்கு?" என்று நீதான் மார்தட்டினாய். சரி, சீக்கிரம் வெட்டித் தொகுத்து அனுப்பு. புதுவருடத்துக்குப் பொக்ரதெட்ஸில் சம்பந்தி வீட்டில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. நாற்காலி வரைக்கும் எண்ணிவிட்டார்களாம். எனக்கு ஒன்று மட்டும் முக்கியம். ராய்மொண்டா ஆடும்போது அப்பா எழுந்து பாடினாரே, அது முழுதாக இருக்க வேண்டும். எண்பத்திரண்டு வயதில் இன்னொரு தடவை அப்படிப் பாடுவாரா தெரியாது.

சம்பந்தியம்மா ஃப்ரோசினா நேற்று போன் செய்தார்கள். "டீச்சர், பள்ளிக்கூடம் திறந்தாச்சா?" என்று கேட்டார்கள். திறந்தாச்சு என்றேன். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். பதினோரு வருடத்துக்கு முன்னால் கரும்பலகையைத் தொட்டதோடு சரி, ஆனாலும் அந்தப் பெயரை விட மனசு வரவில்லை.

அப்பாவை வெயில் இருக்கும்போதே கொஞ்சம் நடக்கச் சொல்.

உன் அக்கா,
உரானி


கொர்ச்சா,
2 அக்டோபர் 2008

அன்புள்ள அக்கா,

எண்ணெய் டின் பத்திரமாக வந்தது. அப்பாவுக்கு இருமல் தணிந்து, வாய் கூடிவிட்டது. வாசிலிகாவுக்கு முதுகு தேவலாம். நீயும் எவாந்தியா அம்மாளும் சுகமாக இருங்கள்.

படத்தைப் பற்றிக் கவலையே படாதே. மொத்தம் ஒன்பது டேப். ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டருக்குள் இறக்க ஒரு மணி நேரம் ஆகிறது, நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. இரண்டு டேப் இறக்கிவிட்டேன். தேவாலயம் அற்புதமாக வந்திருக்கிறது. பாதிரியாரின் தாடியை முடி முடியாக எண்ணலாம்.

எடிட்டிங் சாஃப்ட்வேர் தேடியதுதான் பெரிய கதை. முதலாவது கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்தது. பாவம், அரை மணி நேரப் படத்தைக் காட்டினாலே அதற்கு மயக்கம் வந்துவிடுகிறது. இரண்டாவது, கம்ப்யூட்டர் கடை நாஷோ கொடுத்தது. பட்டன் எல்லாம் ஜெர்மன் மொழி. 'அழி' எது, 'சேமி' எது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதுதான் சரியானது. ஒரு காட்சி முடிந்து அடுத்தது வருவதற்கு இருநூறு வித்தை வைத்திருக்கிறான். பக்கம் புரளும், கதவு திறக்கும், இதயம் வெடிக்கும். நாஷோ சொல்கிறான்: "கல்யாணப் படத்துல பத்து இதயமாவது வெடிக்கலேன்னா ஜனங்க காறித் துப்பிடும்ணே." ஒரு மாதம் இலவசம். ஆனால் படத்தை வெளியே எடுத்தால் 'சோதனைப் பதிப்பு' என்று பாதிரியாரின் தாடி மேலேயே முத்திரை விழுகிறது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்கிறான். கேட்க வேண்டும்.

மீதி டேப்பை இந்த வாரம் இறக்குகிறேன். புதுவருடம் என்ன, நவம்பரிலேயே முடித்துவிடுவேன். எவாந்தியா அம்மாளிடம் சொல், மாமன் சொன்னால் சொன்னதுதான்.

தம்பி,
பாண்டெலி


(எழுதி, அனுப்பாமல் மேசை இழுப்பறையில் வைத்தது)

கொர்ச்சா,
19 அக்டோபர் 2008

அக்கா,

யாருடைய சுகத்தையும் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

விருந்துப் படம் இல்லை. கேமராவில் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். விருந்து ஆரம்பத்தில் ராக்கிச் சாராயம் இரண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தது. எங்கேயோ ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட்டேன். ஓரத்தில் சிவப்புப் புள்ளி வரும், அதைப் பார்க்கக் கண்ணாடி போட வேண்டும், கல்யாணத்தில் கண்ணாடி போட்டால் கிழவனாகத் தெரிவேன் என்று பையில் வைத்திருந்தேன். அதனால் நான் கண்ணில் வைத்துக் குறிபார்த்தபோதெல்லாம் கேமரா நின்றிருக்கிறது. கீழே இறக்கியதும் ஓடியிருக்கிறது. மூன்றாவது டேப்பிலிருந்து எல்லாம் கால்கள். ஐந்தாறு மணி நேரம் கால்களும் மேசை விரிப்பும் நாற்காலியின் அடிப்பக்கமும்.

அப்பா பாடும்போது மட்டும் கேமராவை மேசை மேல் வைத்திருந்தேன். கண்ணாடிக் குவளைகளுக்கு நடுவிலிருந்து ஆடுகிறவர்களின் இடுப்பு வரை தெரிகிறது. ராய்மொண்டாவின் பாவாடை சுழல்வது தெரிகிறது. அப்பாவின் பாட்டு முழுசாக இருக்கிறது. விருந்தில் உருப்படியாக வந்தது அந்த நாலு நிமிடம்தான்.

அதன் மேல் என் குரல் இருக்கிறது.

என் மேசையில் மாமா மகன் ஸ்பிரோ இருந்தான். அவன்தான் ஆரம்பித்தான். "உங்க அக்கா மாதிரி ஒருத்தி எங்க வீட்ல இருந்தா நான் ராஜாடா. கூரை போட்டுக் குடுத்தா, கேமரா வாங்கிக் குடுத்தா, இன்னிக்கு ஊரைக் கூட்டிக் கல்யாணம் பண்றா. நீ என்னடா கிழிச்சே?" எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்புறம் நான் பேசுகிறேன். என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

"டீச்சர் டீச்சர்னு சம்பந்திங்க தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. என்ன டீச்சர்? அங்க ஒரு கிழவிக்குக் குண்டி கழுவுறா. அந்தக் கையாலதான் இங்க வந்து எல்லாருக்கும் மோதிரத்தைக் காட்டிக்கிட்டுத் திரியிறா."

இதைத்தான் சொன்னேன். மேசையே சிரித்தது. சம்பந்தி வீட்டார் தூரத்து மேசையில் இருந்தார்கள், அவர்கள் காதில் விழவில்லை. ஆனால் படத்தைப் போட்டால் கட்டாயம் விழும், ஃப்ரோசினா அம்மாள் நடுவில் உட்கார்ந்து கேட்பார்கள். சத்தத்தை நிறுத்தினால் அப்பாவின் பாட்டு போய்விடும். அக்கா, நான் போட்டிருக்கும் சட்டை கூட நீ


கொர்ச்சா,
21 அக்டோபர் 2008

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். குளிர் ஆரம்பித்துவிட்டது. நீ கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

படம் கொஞ்சம் தாமதமாகும். கம்ப்யூட்டர் தகராறு, அடிக்கடி கரண்டும் போகிறது. அந்த மூன்றாவது சாஃப்ட்வேர் சத்த விஷயத்தில் மட்டம். வேறு பார்க்கிறேன். விருந்துக் காட்சியில் வெளிச்சம் கம்மி, அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று ராய்மொண்டாவிடம் சொல்லி வை. வாசிலிகா அரிசி மாவு சலிக்கிறாள், கூப்பிடுகிறாள்.

பாண்டெலி


தெசலோனிகி,
16 நவம்பர் 2008

அன்புத் தம்பிக்கு,

எனக்குக் காலில் வீக்கம் தவிர வேறு குறை இல்லை. எவாந்தியா அம்மாளுக்கு மட்டும் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. கஞ்சியைக் கரண்டியில் வைத்துக் கதை சொல்லித்தான் ஊட்டுகிறேன். சொல்வதெல்லாம் கல்யாணக் கதைதான். யார் எந்த உடை, யார் முதலில் ஆடினார்கள் என்று தினமும் ஒரு துண்டு. என் கையிருப்பு தீர்ந்துகொண்டே வருகிறது, அதனால் படத்தை அனுப்பு.

வாசிலிகா எந்தக் காலத்தில் அரிசி மாவு சலித்தாள்? சமையலறையில் ஒரு முட்டை கூட உடைக்காதவளுக்கு அரிசி மாவாம். நீ அவசரமாக ஒரு கடிதத்தை முடிக்க வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

இதயமும் நட்சத்திரமும் இல்லாவிட்டால் என்ன? தாடி மேல் முத்திரை விழுந்தால் விழட்டும், பாதிரியாருக்கு அது ஒன்றும் நோகாது. வெளிச்சம் இல்லாத படமாக இருந்தாலும் எங்களுக்குப் போதும். எந்தச் சாஃப்ட்வேர் என்று ஊர் உலகமெல்லாம் தேடாதே. உள்ளதை உள்ளபடி போட்டு அனுப்பு.

உனக்கு அங்கே வேறு ஏதாவது சிரமமா? இருந்தால் எழுது. எது இருந்தாலும் எழுதலாம்.

சம்பந்தியம்மா இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. அப்பாவுக்குக் கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி வருகிறது, அதில் ஒன்று உனக்கு.

உன் அக்கா,
உரானி


கொர்ச்சா,
9 டிசம்பர் 2008

அன்புள்ள அக்கா,

சாக்ஸ் வந்தது, அப்பா நாலையும் தனக்கே என்று எடுத்துக்கொண்டார். அந்த அளவுக்கு நலமாக இருக்கிறார் என்று தெரிந்துகொள். உன் கால் வீக்கத்துக்கு வெந்நீரில் உப்புப் போட்டு வைத்துப் பார்.

புதுவருடத்துக்குப் படம் முடியாது அக்கா. ஈஸ்டருக்குத் தள்ளி வைக்கும்படி சம்பந்தி வீட்டில் சொல்லிவிடு. காரணத்தைச் சொல்கிறேன். அப்பா பாடுகிற இடத்தில் யாரோ ஒரு குடிகாரன் குறுக்கே பேசிக்கொண்டே இருக்கிறான். அவனை எப்படியாவது எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைக்கலாம் என்று மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன்.

இப்போது கையில் இருப்பது ஐந்தாவது சாஃப்ட்வேர். இதில் சத்தத்தைக் கோடு கோடாகக் காட்டுகிறது. பாட்டு மெல்லிய கோடு, அவன் பேசுகிற இடம் எல்லாம் முள்வேலி மாதிரி குத்திக்கொண்டு நிற்கிறது. குரலை நீக்க ஒரு பட்டன் இருக்கிறது என்று நாஷோ காட்டினான். நடுவிலிருந்து வரும் குரலை எடுத்துவிட்டு, ஓரத்தில் இருப்பதை விட்டுவைக்குமாம். அழுத்தினேன். அப்பா கேமராவுக்கு நேர் எதிரே நின்று பாடியவர், அவர் குரல் சுத்தமாகப் போய்விட்டது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த குடிகாரன் மட்டும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டான். நாஷோ விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, இந்த ஆளு லேசுல போற ஆளு இல்லண்ணே! யாருண்ணே இது?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

அவன் பேசுகிற சொற்களை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துப் பார்த்தேன். பாட்டு நொண்டுகிறது. வேறு இடத்துக் கிளாரினெட்டை எடுத்து மேலே ஒட்டினேன். ஒட்டுப் போட்ட பாவாடை மாதிரி பளிச்சென்று தெரிகிறது. இன்னும் ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, அதையும் பார்த்துவிடுகிறேன்.

எவாந்தியா அம்மாளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

பாண்டெலி


தெசலோனிகி,
28 டிசம்பர் 2008

பாண்டெலி,

புதுவருடம் உனக்கும் வாசிலிகாவுக்கும் அப்பாவுக்கும் நோய்நொடி இல்லாமல் பிறக்கட்டும். பக்லாவா ஒரு தட்டு அனுப்பியிருக்கிறேன்.

சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டேன். ஈஸ்டர் மறுநாள் என்று முடிவு.

எவாந்தியா அம்மாள் கஞ்சியையும் விட்டுவிட்டார்கள். இப்போது தண்ணீர்தான், அதையும் பஞ்சில் நனைத்து உதட்டில் தடவுகிறேன்.

நீ எழுதியிருக்கும் அந்தக் குடிகாரன் என்ன பேசுகிறான்?

உரானி


தெசலோனிகி,
10 பிப்ரவரி 2009

பாண்டெலிக்கு,

அப்பாவின் உடம்பைப் பற்றி வாசிலிகாவிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ ஒவ்வொரு தடவையும் கடையில் இருப்பதாகச் சொன்னாள்.

எவாந்தியா அம்மாள் பிப்ரவரி மூன்றாம் தேதி காலையில் போய்விட்டார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தெளிவு வந்தது. "படம் வந்துதாடி?" என்று கேட்டார்கள். அடுத்த வாரம் வந்துவிடும் என்றேன். "அடுத்த வாரம் வரைக்கும் யாரு இருக்கா?" என்றார்கள், கோபமில்லாமல். நான்தான் குளிப்பாட்டி, உடுத்தி, தலை வாரிவிட்டேன். அவர்களின் பிள்ளைகள் மத்தியானம் வந்தார்கள். நல்லவர்கள்தான். வீட்டை விற்கப் போகிறார்கள். மார்ச் முடியும் வரை நான் இங்கே இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இனி படத்துக்கு அவசரம் இல்லை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

உரானி


கொர்ச்சா,
1 மார்ச் 2009

அக்கா,

உன் முகத்தைப் பார்த்து விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்? எவாந்தியா அம்மாளுக்குத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஏற்றும்போது கை கூசியது. இருந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதை நான் கொடுக்காமல் இழுத்தடித்தேன். நாலு மாதம் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், அதற்குள் அந்த அம்மாள் போய்விட்டார்கள்.

அக்டோபரில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதை முதலில் படித்துவிட்டு இதற்கு வா. பாதியில் நின்றிருக்கும். நீ வாங்கிக் கொடுத்த சட்டை என்று எழுத வந்தபோது வாசிலிகா அறைக்குள் வந்தாள், மூடி வைத்தேன். மறுநாள் அதை அனுப்பத் தைரியம் இல்லை, அரிசி மாவு என்று கதை விட்டேன்.

படித்துவிட்டாயா? அந்தக் குடிகாரன் நான்தான். உனக்கு அது புதுச் செய்தி இல்லை என்பது எனக்கு ஜனவரியில் தெரிந்தது.

"என்ன பேசுகிறான்" என்று நீ எழுதியது கையில் கிடைத்தது. அக்கா ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று அந்த நாலு நிமிடத்தை மறுபடி போட்டேன். அதுவரைக்கும் நான் சத்தத்தின் கோட்டை மட்டும்தான் பார்த்து வந்தேன். படத்தைப் பார்க்கவே இல்லை. அன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தேன்.

நான் பேச ஆரம்பிக்கும்போது வலது ஓரத்தில் இரண்டு கால் வருகிறது. செருப்பு இல்லை, காலுறை மட்டும். வீங்கிய கால். செருப்பு இடது கையில் தொங்குகிறது. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறது. நான் "அந்தக் கையாலதான்" என்று சொல்லும்போது ஒரு கை மேசைக்கு மேல் வருகிறது. கையில் தட்டு, தட்டில் கீரை வைத்துச் சுட்ட லக்ரோர், முனைப்பக்கம், எனக்குப் பிடித்த மொறுமொறுப்பான துண்டு. கை அப்படியே நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன், ஐந்து நொடி. பிறகு தட்டைச் சத்தமில்லாமல் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் கை போய்விடுகிறது. கால் திரும்பி நடக்கிறது. நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த லக்ரோரை நான் சாப்பிட்டேன் அக்கா. யார் வைத்தது என்று கூடத் திரும்பிப் பார்க்காமல் சாப்பிட்டேன். அது நன்றாக இருந்தது என்பது கூட ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகும் நீ எண்ணெய் அனுப்பினாய், சாக்ஸ் அனுப்பினாய், எது இருந்தாலும் எழுதலாம் என்று எழுதினாய். நான் உனக்கு முத்திரையையும் இதயத்தையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கூரைக்கு நன்றி சொல்ல வாய் வராதவனுக்கு உன்னை இழிவு செய்ய மட்டும் வாய் வந்தது. ஸ்பிரோ கேட்டது நிஜம், நான் ஒன்றும் கிழிக்கவில்லை. அதை மறைக்கத்தான் உன்னைக் கிழித்தேன்.

இரண்டு டிவிடி அனுப்புகிறேன். சிவப்பு உறையில் இருப்பதில் என் பேச்சு இல்லை. அந்த இடத்தில் அப்பாவின் பாட்டும் ஒன்றரை நிமிடம் இல்லை, கிளாரினெட்தான் இருக்கும். சம்பந்தி வீட்டில் போடத் தகுந்தது அது. வெள்ளை உறையில் இருப்பதில் எதையும் நான் தொடவில்லை. கால்கள், மேசை, நான், எல்லாம் இருக்கிறது. அதை உனக்கு மட்டும் அனுப்புகிறேன். பார்த்துவிட்டு உடைத்துப் போட்டாலும் சரி. இங்கே கம்ப்யூட்டரிலும் டேப்பிலும் இருப்பதை நீ சொன்னால் அழித்துவிடுகிறேன்.

நீ அன்றைக்கே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் காத்திருந்தாய். அதுதான் தாங்க முடியவில்லை.

பாண்டெலி


தெசலோனிகி,
29 மார்ச் 2009

தம்பி பாண்டெலிக்கு,

உடம்பு பரவாயில்லை. எவாந்தியா அம்மாளின் நாற்பதாம் நாளுக்குக் கோதுமை வேகவைத்து, சர்க்கரை போட்டு, தேவாலயத்தில் கொடுத்தோம். ராய்மொண்டா வந்திருந்தாள், இன்னும் இருக்கிறாள். சாமான் கட்ட உதவுகிறாள். அடுத்த தெருவில் ஒரு முதியவருக்கு ஆள் தேவைப்படுகிறது, ஒன்றாம் தேதியிலிருந்து அங்கே போகிறேன். அப்பாவுக்கு இந்தத் தடவை சாக்ஸ் கிடையாது, நாலையும் போட்டு முடிக்கட்டும்.

வெள்ளை உறையைத்தான் முதலில் போட்டோம், நானும் ராய்மொண்டாவும். கால்களைப் பார்த்து முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு. இவர் ஸ்பிரோ, இவர் தபால்காரர், இது நம் வாசிலிகா, ஒரு காலை இழுத்து ஆடுகிறாள் என்று காலை வைத்தே பாதி ஊரைக் கண்டுபிடித்தோம். பாதிரியார் மேசைக்கு அடியில் ஷூவைக் கழற்றிப் போட்டிருக்கிறார், ஒரு விரல் சாக்ஸுக்கு வெளியே. ராய்மொண்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் அப்பா பாடினார்.

ஆமாம், அன்றைக்குக் கேட்டேன். காலையிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு நீ ஒன்றும் சாப்பிடவில்லையே என்று கொண்டுவந்தேன். எல்லாவற்றையும் கேட்டேன். நீ அதற்காக வெட்கப்படுவது சரிதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் அங்கிருந்து போய் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. அது படத்தில் இல்லை. சமையலறைக்குப் போய்க் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு, இரண்டு தடவை. பதினோரு வருடம் அந்த அம்மாளைத் துடைத்து, கழுவி, திருப்பிப் படுக்கவைத்த கை. ஒரு நாள் கூட அது எனக்கு அழுக்காகத் தோன்றியதில்லை. அன்றைக்கு உன் ஒரு பேச்சுக்குக் கழுவினேன். கழுவிய கையோடு வந்து ஃப்ரோசினா அம்மாளின் பக்கத்தில் டீச்சராக உட்கார்ந்தேன். எவாந்தியா அம்மாள் தலையணையில் சாய்ந்து ராய்மொண்டாவின் கல்யாணத்தை நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களை நான் அந்த மண்டபத்தில் யாரென்றே தெரியாதவர் போல் விட்டுவிட்டேன். குளிப்பாட்டி உடுத்தும்போது என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். கேட்டால் நீ மன்னிப்புக் கேட்பாய், நான் சரி என்பேன், இரண்டு பேரும் மறந்துபோனதாக நடிப்போம். எனக்கு அது வேண்டாம். நீயாக வருவாயா என்று பார்த்தேன். வந்தாய், தாமதமாக. உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே. எனக்கே இன்னும் தெரியவில்லை.

ராய்மொண்டா மாப்பிள்ளையிடம் நிச்சயத்துக்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். "அவங்கம்மாவுக்கு மட்டுந்தான்மா தெரியாது. நீதான் டீச்சர் டீச்சர்னு ஓட்டிக்கிட்டு இருக்கே" என்றாள். சரி, நானே சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் போனை எடுத்தேன். எடுத்ததும் வாயில் பள்ளிக்கூடம்தான் வருகிறது. பரீட்சை நேரம் என்று கூடச் சொல்லிவிட்டேன், வெட்கக்கேடு. என் வாயால் முடியாது போலிருக்கிறது. உன் வாய் ஏற்கனவே சொல்லிவிட்டது. அந்த மண்டபத்தில் அவ்வளவு பேர் இருந்தார்கள், நான் செய்யும் வேலையை உள்ளபடி சொன்னது நீ ஒருவன்தான்.

அதனால் சிவப்பு உறையை நான் எடுத்துக்கொண்டு வரவில்லை. ஈஸ்டர் மறுநாள் வெள்ளை உறைதான் ஓடும். அப்பாவின் பாட்டு முழுசாக இருக்கட்டும், அதன் மேல் நீயும் இரு. டேப்பில் எதையும் அழிக்காதே.

நீ வருகிறாய். அப்பாவையும் வாசிலிகாவையும் அழைத்துக்கொண்டு காலை பஸ்ஸிலேயே வந்துவிடு. எனக்குப் பக்கத்து நாற்காலி உனக்கு. உன் குரல் வரும்போது எல்லோரும் முதலில் உன்னைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். அன்றைக்கு நான் தட்டை வைத்துவிட்டுப் போனேன். நீ எழுந்து போகாதே.

உன் அக்கா,
உரானி